பொன் முத்திரை பெற்ற சிரிப்பு

அமெரிக்காவில் ஒரு குழந்தைகள் படப் புத்தகத்துக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த மதிப்பு கால்டிகாட் பதக்கம். அமெரிக்க நூலகச் சங்கம் 1938 முதல் ஆண்டுதோறும் இதை வழங்கிவருகிறது. முந்தைய ஆண்டு அந்நாட்டில் வெளியான படப் புத்தகங்களில் சிறந்த ஒன்றைத் தேர்வுக் குழு தேர்ந்தெடுக்கிறது. பதக்கம், அந்தப் புத்தகத்தை வரைந்த ஓவியருக்குப் போகிறது. கதையை வேறொருவர் எழுதியிருந்தால் அவருக்கு அதில் பங்கில்லை. பதக்கத்துக்கு அடுத்த நிலையில் சில நூல்கள் ‘கௌரவ நூல்’ என அறிவிக்கப்படுகின்றன. பதக்க நூலின் அட்டையில் பொன்னிற முத்திரையும் கௌரவ நூலின் அட்டையில் வெள்ளி நிற முத்திரையும் இடம்பெறும். நூலகங்களும் பள்ளிகளும் அந்த முத்திரையை நம்பி வாங்குகின்றன. அதனால் இந்த நூல்கள் பெரும்பாலும் தலைமுறை கடந்தும் அச்சில் இருக்கின்றன.

இந்தப் பட்டியலில் பனி, கடல், பயணம், வரலாறு, துயரம் எனப் பல பொருள்களில் அழகான நூல்கள் உண்டு. ஆனால், குழந்தைகள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்ப்பவை அவர்களைச் சிரிக்க வைக்கும் நூல்கள். அந்தச் சிரிப்பு கதைக்கு மேலே தூவிய அலங்காரம் அல்ல. சொல்லையும் படத்தையும் பக்கம் புரட்டுவதையும் ஒருசேர ஆளத் தெரிந்த ஓவியரால் மட்டுமே அதை உண்டாக்க முடியும். படப் புத்தகம் என்ற கலையின் முழு வலிமையும் வெளிப்படும் இடங்களில் நகைச்சுவைக்கு முதலிடம் உண்டு.

பதக்கத்தின் பெயருக்குரியவர்

ராண்டால்ப் கால்டிகாட் 1846இல் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்தவர். இளம் வயதில் வங்கி எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே படம் வரைந்தவர். பின்னர் லண்டனுக்குச் சென்று முழுநேர ஓவியரானார். வண்ண அச்சில் தேர்ந்தவரான எட்மண்ட் எவன்ஸுடன் சேர்ந்து, 1878 முதல் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இரண்டிரண்டாக 16 சிறு படப் புத்தகங்களை உருவாக்கினார். உடல்நலம் குன்றியிருந்த நிலையில் அமெரிக்கா சென்றவர், 1886இல் புளோரிடா மாநிலத்தின் செயின்ட் அகஸ்டின் நகரில் தம் 39ஆம் வயதில் காலமானார்.

அமெரிக்கப் பதிப்புத் துறையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெடெரிக் மெல்ச்சர், குழந்தைகளுக்கான எழுத்துக்கு நியூபெரி பதக்கம் ஏற்படக் காரணமாக இருந்தவர். எழுத்துக்கு ஒரு பதக்கம் இருக்கும்போது படத்துக்கும் ஒன்று வேண்டும் என்று 1937இல் அவர் முன்மொழிந்தார். அதற்குக் கால்டிகாட்டின் பெயரே சூட்டப்பட்டது. முதல் பதக்கம் 1938இல் ‘அனிமல்ஸ் ஆஃப் தி பைபிள்’ நூலுக்காக டோரதி லாத்ரோப் என்ற ஓவியருக்குக் கிடைத்தது.

பதக்கத்தை வடிவமைத்த சிற்பி ரெனே பால் சாம்பெல்லன், அதன் முகப்பில் கால்டிகாட்டின் ‘ஜான் கில்பின்’ புத்தகத்திலிருந்து ஒரு காட்சியைப் பொறித்தார். துணி வணிகர் ஒருவர் ஏறிய குதிரை கட்டுக்கடங்காமல் ஓடுகிறது. அவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிறார். வாத்துகள் சிதறி ஓடுகின்றன. பின்பக்கத்தில், அப்பத்துக்குள்ளிருந்து பறவைகள் எழும்பும் குழந்தைப் பாடல் காட்சி இருக்கிறது. குழந்தை ஓவியத்தின் தலையாய பதக்கத்துக்கு அடையாளமாக இரண்டு நகைச்சுவைக் காட்சிகளைத் தேர்ந்தது பொருத்தமான முடிவு. கால்டிகாட்டின் தனித்திறனே அதில்தான் இருந்தது.

சொல் ஒன்று, படம் வேறொன்று

அந்தத் திறனை விளக்க அவருடைய 1882ஆம் ஆண்டுப் புத்தகம் ஒன்றே போதும். பசு நிலாவைத் தாண்டிக் குதிப்பதாகவும் தட்டு கரண்டியோடு ஓடிப்போவதாகவும் சொல்லும் ஆங்கிலக் குழந்தைப் பாடலை அதில் அவர் படமாக்கினார். பாடல் அந்த ஓட்டத்தோடு முடிந்துவிடுகிறது. கால்டிகாட் அங்கே நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு படத்தைச் சேர்த்தார். அதில் தட்டு உடைந்து துண்டுதுண்டாகக் கிடக்கிறது. கரண்டியை அதன் பெற்றோரான கத்தியும் முள்கரண்டியும் அழைத்துக்கொண்டு போகின்றன. பாடலில் ஒரு சொல்லும் குறிப்பிடாத செய்தி இது. பாட்டைக் கேட்பவருக்குத் தெரியாது. படத்தைப் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். நவீனப் படப் புத்தகம் கால்டிகாட்டிடம்தான் தொடங்குகிறது என்று மாரிஸ் செண்டாக் போன்ற பெரும் ஓவியர்கள் கருதியதற்கு இதுவே காரணம். சொல் விட்ட இடத்தைப் படம் நிரப்புகிறது. படம் சொல்லாததைச் சொல் எடுத்துக்கொள்கிறது. இரண்டும் சேரும்போது மூன்றாவதாக ஒரு கதை பிறக்கிறது.

1996இல் பதக்கம் பெற்ற ‘ஆபீசர் பக்கிள் அண்ட் குளோரியா’ இந்த உத்திக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. எழுதி வரைந்தவர் பெகி ராத்மன். பக்கிள் என்ற காவல் அதிகாரிக்குப் பாதுகாப்பு விதிகள் எல்லாம் மனப்பாடம். பள்ளி பள்ளியாகச் சென்று உரையாற்றுகிறார். பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள். பிறகு குளோரியா என்ற காவல் நாய் அவருடன் வருகிறது. அவர் பேசப் பேச, அவருக்குப் பின்னால் நின்றபடி அது ஒவ்வொரு விதியையும் நடித்துக் காட்டுகிறது. தலைகீழாக நிற்கிறது, துள்ளுகிறது, மின்சாரம் பாய்ந்ததுபோல் காற்றில் எகிறுகிறது. அவர் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அரங்கமே சிரித்துக் கைதட்ட, தம் பேச்சுக்குக் கிடைத்த வரவேற்பு என்று பக்கிள் மகிழ்கிறார். எழுத்துப் பகுதி முழுவதும் பக்கிளின் பக்கமே நிற்கிறது; நாய் செய்வது அனைத்தும் படத்தில் மட்டுமே நடக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைக்கு, படித்துக் காட்டும் பெரியவரின் குரலைவிட அதிகம் தெரிந்திருக்கிறது.

இந்தப் புத்தகம் சிரிப்போடு நின்றுவிடுவதும் இல்லை. தொலைக்காட்சிச் செய்தியில் தம் உரையைப் பார்க்கும் பக்கிளுக்கு உண்மை விளங்குகிறது; மனம் உடைந்து பேசுவதையே நிறுத்திவிடுகிறார். குளோரியா தனியாக மேடையேறினால் அதுவும் தூங்கிவிடுகிறது, பார்வையாளர்களும் தூங்கிவிடுகிறார்கள். இருவரில் ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு வேலையில்லை என்பதே முடிவு. சொல்லும் படமும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதைச் சொல்லும் கதையாகவும் இதை வாசிக்கலாம்.

2013இல் பதக்கம் பெற்ற ஜான் கிளாசனின் ‘திஸ் இஸ் நாட் மை ஹாட்’ இதே உத்தியை இன்னும் சிக்கனமாகக் கையாள்கிறது. ஒரு சின்ன மீன், தூங்கிக்கொண்டிருந்த பெரிய மீனின் தொப்பியைத் திருடிக்கொண்டு நீந்துகிறது. பெரிய மீன் விழிக்காது, விழித்தாலும் கவனிக்காது, கவனித்தாலும் தன்னைச் சந்தேகிக்காது என்று அது அடுக்கிக்கொண்டே போகிறது. அது ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, படம் ஒவ்வொன்றையும் பொய்யாக்குகிறது. பெரிய மீனின் கண் திறக்கிறது, மேலே பார்க்கிறது, சுருங்குகிறது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த நண்டு, அடுத்த கணமே வழியைக் காட்டிக்கொடுக்கிறது. அடர்ந்த நீர்ச்செடிகளுக்குள் இருவரும் மறைந்த பிறகு சொல் நின்றுவிடுகிறது. பெரிய மீன் மட்டும் தொப்பியோடு வெளியே வருகிறது. உள்ளே நடந்ததை எழுத்தும் சொல்லவில்லை, படமும் காட்டவில்லை, குழந்தையே முடிவுசெய்துகொள்கிறது. கறுத்த கடல், இரண்டு மீன்கள், கண் இமையின் சிறு அசைவு — இவ்வளவே கருவிகள். இங்கிலாந்தின் கேட் கிரீனவே பதக்கமும் 2014இல் இதே நூலுக்குக் கிடைத்தது. இரண்டு பதக்கங்களையும் பெற்ற முதல் புத்தகம் இது.

எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்த தொல்காப்பியம், அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்று வகுக்கிறது. பக்கிளும் சின்ன மீனும் நம்மைச் சிரிக்க வைப்பது பேதைமையால். தம் முதுகுக்குப் பின்னால் நடப்பதை அவர்கள் அறியவில்லை. இந்த வகை நகைச்சுவையில் குழந்தைக்கு ஒரு தனி நிறைவு கிடைக்கிறது. நாள் முழுக்கத் தன்னைவிட விவரம் தெரிந்தவர்களிடையே வாழும் குழந்தைக்கு, எல்லாம் தெரிந்தவராக இருக்கும் வாய்ப்பைப் புத்தகம் தருகிறது. அதோடு, சொல்பவர் சொல்வதெல்லாம் உண்மை ஆகிவிடாது, கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்ற பழக்கத்தையும் தருகிறது. வாசிப்பில் இதைவிட முக்கியமான பயிற்சி வேறில்லை.

சொல்லில்லாத சிரிப்பு

டேவிட் வீஸ்னரின் ‘டியூஸ்டே’ 1992இல் பதக்கம் பெற்றது. அதில் நேரத்தைக் குறிக்கும் ஒருசில சொற்களைத் தவிர எழுத்தே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, குளத்துத் தவளைகள் தாம் அமர்ந்திருந்த அல்லி இலைகளோடு மேலெழுந்து ஊருக்குள் பறக்கின்றன. நள்ளிரவுச் சாப்பாட்டில் இருக்கும் ஒருவர் சன்னல் வழியே அவற்றைப் பார்த்து வாயடைத்துப் போகிறார். மூதாட்டி ஒருவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்க, தவளைகள் அவருடைய வரவேற்பறையில் தொலைக்காட்சி பார்க்கின்றன. துரத்த வந்த நாயைத் தவளைப் படை திருப்பித் துரத்துகிறது. விடியும்போது மந்திரம் நின்று, இலைகள் மட்டும் தெருவில் கிடக்கின்றன. காவல் துறையினர் அவற்றைத் தீவிரமாக ஆராய்கிறார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை பறக்கத் தொடங்குபவை பன்றிகள்.

வீஸ்னர் இதைக் கேலிச்சித்திரமாக வரையவில்லை என்பதுதான் இதன் வெற்றி. நிலவொளி, நிழல், ஈரத் தோல், வீட்டுச் சுவர் எல்லாம் உண்மைபோலத் துல்லியமாக நீர்வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. நடக்க முடியாத ஒன்றை, நடந்ததற்குச் சாட்சி சொல்வதுபோல் வரைந்திருக்கிறார். உலகம் எவ்வளவு மெய்யாகத் தோன்றுகிறதோ அவ்வளவுக்குத் தவளைகளின் பறத்தல் சிரிப்பூட்டுகிறது.

சொல் இல்லாத நூலில் பக்கம் புரட்டுவதே நேரத்தைக் கட்டுப்படுத்துகிறது. அச்சுத்தாளை மடித்துத் தைக்கும் முறையின் காரணமாகப் படப் புத்தகங்களில் பெரும்பாலானவை 32 பக்கம் கொண்டவை. இந்தக் குறுகிய இடத்துக்குள், எந்தப் படம் விரித்த இரு பக்கங்களையும் நிறைக்க வேண்டும், எது சிறு கட்டத்துக்குள் அடங்க வேண்டும், எது தாளின் மறுபுறத்தில் மறைந்து காத்திருக்க வேண்டும் என்று ஓவியர் கணக்கிடுகிறார். மேடை நகைச்சுவைக் கலைஞர் எங்கே பேச்சை நிறுத்த வேண்டும் என்று அறிந்திருப்பதற்கு இணையான அறிவு இது.

புத்தகமே விளையாட்டுக் களம்

வீஸ்னர் 2002இல் ‘தி த்ரீ பிக்ஸ்’ நூலுக்காக மீண்டும் பதக்கம் பெற்றார். மூன்று பன்றிக்குட்டிகளின் வீட்டை ஓநாய் ஊதித் தள்ளும் பழைய கதைதான். ஆனால் ஓநாய் பலமாக ஊதியதில் பன்றிக்குட்டி படச் சட்டத்தை விட்டே வெளியே போய் விழுகிறது. எழுத்து மட்டும் பழைய கதைப்படி ஓநாய் அதைத் தின்றுவிட்டதாகச் சொல்கிறது. படத்தில் இருக்கும் ஓநாயோ இரை எங்கே என்று புரியாமல் விழிக்கிறது. வெளியே வந்த பன்றிகள், கதையின் ஒரு பக்கத்தைக் காகித விமானமாக மடித்து அதில் ஏறிப் பறக்கின்றன. வேறு கதைகளுக்குள் நுழைகின்றன. ஆபத்தில் இருந்த ஒரு டிராகனைக் காப்பாற்றி உடன் அழைத்து வருகின்றன. கதையின் எழுத்துகள் உதிர்ந்து சூப்பில் விழுகின்றன. தமக்கு விதிக்கப்பட்ட முடிவைப் பாத்திரங்களே மாற்றிவிடுகின்றன.

1993இல் கௌரவ நூலான ‘தி ஸ்டிங்கி சீஸ் மேன்’ இந்த வழியில் முன்னதாகவே நடந்தது. ஜான் செஸ்கா எழுத, லேன் ஸ்மித் வரைந்தார். தேவதைக் கதைகளைக் குழப்பிப் போடும் இந்த நூலில் உள்ளடக்கப் பட்டியலே கீழே விழுந்து பாத்திரங்களை நசுக்குகிறது. சின்னச் சிவப்புக் கோழி நேரங்காலம் தெரியாமல் வந்து குறை சொல்லிக்கொண்டே இருக்கிறது. பின்னட்டையில் அச்சிட்ட பட்டைக் குறியீட்டைக்கூட அது விட்டுவைக்கவில்லை. முன்னுரை, தலைப்புப் பக்கம், பின்னட்டை என்று நூலுக்குள்ள உறுப்புகள் அனைத்தையும் தெரிந்துகொண்ட பிறகே இந்த நகைச்சுவை முழுமையாகப் புரியும். ஆகவே சிரித்துச் சிரித்தே ஒரு குழந்தை நூலின் அமைப்பைக் கற்றுக்கொள்கிறது.

சிம்ஸ் டபாக்கின் ‘ஜோசப் ஹாட் எ லிட்டில் ஓவர்கோட்’ 2000இல் பதக்கம் பெற்றது. இட்டிஷ் மொழி நாட்டுப்பாடல் ஒன்றிலிருந்து பிறந்த கதை. நைந்துபோன மேலங்கியை ஜோசப் சட்டையாக வெட்டுகிறார். அது நைந்ததும் இன்னும் சிறிய உடை. பிறகு கழுத்துக்குட்டை, கழுத்துப்பட்டை, கைக்குட்டை, கடைசியில் ஒரு பொத்தான். தாளிலேயே துளைகள் வெட்டப்பட்டிருப்பதால், பக்கம் திரும்பும்போது பெரிய உடை சிறிய உடையாக மாறுவதைக் குழந்தை கையால் தொட்டுப் பார்க்க முடிகிறது. பொத்தானும் தொலைந்த பிறகு ஜோசப் அந்தக் கதையையே ஒரு புத்தகமாக்குகிறார். வறுமையைச் சிரிப்போடும் மானத்தோடும் கடந்த யூத மக்களின் வாழ்க்கை இதன் ஒவ்வொரு மூலையிலும் ஒட்டிய சிறு படங்களில் தெரிகிறது.

குழந்தையின் கையில் அதிகாரம்

மோ வில்லெம்ஸ், ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற புகழ்பெற்ற குழந்தைகள் தொலைக்காட்சித் தொடருக்கு எழுதியவர். அவருடைய முதல் படப் புத்தகமான ‘டோன்ட் லெட் தி பிஜன் டிரைவ் தி பஸ்’ 2004இல் கௌரவ நூலானது. பேருந்து ஓட்டுநர் சற்று வெளியே போகும்போது, புறாவைப் பேருந்து ஓட்ட விடக் கூடாது என்று வாசகரிடம் சொல்லிவிட்டுப் போகிறார். பிறகு புறா கெஞ்சுகிறது, பேரம் பேசுகிறது, பொய் சொல்கிறது, இறுதியில் வெடித்துக் கத்துகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் குழந்தை மறுத்தாக வேண்டும். வழக்கமாக மறுப்பைக் கேட்டே பழகிய குழந்தை, இங்கே மறுக்கும் இடத்தில் இருக்கிறது. புறாவின் தந்திரங்கள் எல்லாம் குழந்தைக்கு நன்கு தெரிந்தவை. தான் தினமும் செய்பவை. தன் அடத்தைத் தள்ளி நின்று பார்த்துச் சிரிக்க இதைவிட நல்ல வழி இல்லை. சில கோடுகளும் ஒரு வட்டக் கண்ணும் கொண்ட அந்தப் புறாவை எந்தக் குழந்தையும் வரைந்துவிடலாம். வில்லெம்ஸ் அப்படித்தான் திட்டமிட்டு வடிவமைத்தார்.

1999ஆம் ஆண்டின் கௌரவ நூலான ‘நோ, டேவிட்!’ உருவான கதையே சுவையானது. டேவிட் ஷானன் ஐந்து வயதில், தமக்கு எழுதத் தெரிந்த இரண்டே சொற்களை வைத்து ஒரு புத்தகம் செய்திருந்தார். ஒன்று மறுப்புச் சொல், மற்றொன்று தம் பெயர். அதைப் பாதுகாத்து வைத்திருந்த தாய், பல ஆண்டுகள் கழித்து அவரிடம் சேர்த்தார். அதையே பெரியவராகி மீண்டும் வரைந்தார் ஷானன். அம்மாவின் முகம் தெரிவதில்லை. கண்டிக்கும் குரல் மட்டுமே கேட்கிறது. பிஸ்கட் டப்பாவை எட்டிப் பிடிப்பதும், குளியல் தொட்டியை நிரப்பி வழிய விடுவதும், ஆடையின்றித் தெருவில் ஓடுவதுமாக டேவிட் அடிக்கும் கூத்து பக்கம் பக்கமாக வளர்ந்து, இறுதியில் தாயின் அணைப்பில் அடங்குகிறது.

2001இல் கௌரவ நூலான ‘கிளிக், கிளாக், மூ’ பெரியவர்களின் உலகத்தைப் பண்ணைக்குள் கொண்டுவருகிறது. டோரீன் குரோனின் எழுத, பெட்ஸி லூயின் வரைந்தார். தட்டச்சுப் பொறி ஒன்று பசுக்களிடம் கிடைக்கிறது. இரவில் குளிர்வதால் மின்போர்வை வேண்டும் என்று விவசாயிக்கு அவை கடிதம் அடிக்கின்றன. மறுத்ததும் பால் கறப்பது நிற்கிறது. கோழிகளும் சேர்ந்து முட்டையை நிறுத்துகின்றன. நடுநிலையாளராகத் தூது போன வாத்து, சமரசம் முடிந்த கையோடு தட்டச்சுப் பொறியைத் தன் இனத்துக்கு எடுத்துக்கொள்கிறது. கோரிக்கை, வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை என்ற மூன்றையும் நான்கு வயதுக் குழந்தைக்கு விளக்கும் நூல் இது. எழுத்தறிவு கிடைத்த கணத்தில் எளியவர்களுக்குக் குரல் கிடைக்கிறது என்ற பெரிய செய்தியும் அதற்குள் இருக்கிறது.

சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு

வேடிக்கையான படம் விளையாட்டாக வந்துவிடும் என்ற எண்ணம் தவறானது. ராபர்ட் மெக்ளோஸ்கி, 1942இல் பதக்கம் பெற்ற ‘மேக் வே ஃபார் டக்லிங்ஸ்’ நூலுக்காக, நியூயார்க்கில் தாம் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில் வாத்துகளை வாங்கி வளர்த்தார். கையில் வரைபுத்தகத்தோடு தரையில் தவழ்ந்து, அவை நடப்பதையும் திரும்புவதையும் வரைந்து பழகினார். எட்டுக் குஞ்சுகளோடு தாய் வாத்து பாஸ்டன் நகரச் சாலையைக் கடக்க, காவலர் ஒருவர் போக்குவரத்தையே நிறுத்தும் காட்சி அந்த உழைப்பால் உயிர்பெற்றது. அந்த வாத்துக் குடும்பத்துக்கு 1987இல் பாஸ்டன் பொதுப் பூங்காவில் வெண்கலச் சிலை வைக்கப்பட்டது. சிற்பி நான்சி ஷோன். இன்றும் குழந்தைகள் அதன்மேல் ஏறி உட்காருகிறார்கள்.

மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ 1964இல் பதக்கம் பெற்றது. முதலில் அதைக் காட்டுக் குதிரைகளின் கதையாகவே அவர் எண்ணியிருந்தார். குதிரைகளைச் சரியாக வரைய வராததால் பூதங்களுக்கு மாறினார். அந்தப் பூதங்களுக்கு, சிறுவயதில் புரூக்ளின் வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளிய உறவினர்களின் சாயலைக் கொடுத்தார். சிறுவன் மேக்ஸின் கோபம் வளர வளரப் படத்தின் அளவும் வளர்கிறது, சொல் சுருங்குகிறது. உச்சத்தில் தொடர்ந்து மூன்று விரிபக்கங்கள் சொல்லே இல்லாத ஆட்டம். அச்சமும் சிரிப்பும் ஒரே இடத்தில் சந்திக்கும் அரிய நூல் இது.

எதிர்ப்புகள்

குழந்தைகளுக்குச் சிரிப்பாக இருப்பது எல்லாப் பெரியவர்களுக்கும் அப்படி இருந்ததில்லை. செண்டாக்கின் பூதங்கள் குழந்தைகளைப் பயமுறுத்தும் என்ற குரல் தொடக்கத்தில் வலுவாக எழுந்தது. குழந்தைகளோ அந்தப் பூதங்களுக்கு அரசனான மேக்ஸின் இடத்தில் தங்களை வைத்துப் பார்த்து மகிழ்ந்தார்கள். ‘நியூயார்க்கர்’ இதழின் கேலிச்சித்திரக்காரரான வில்லியம் ஸ்டெய்க், அறுபது வயதில் குழந்தைகளுக்கு எழுதத் தொடங்கியவர். அவருடைய ‘சில்வெஸ்டர் அண்ட் தி மேஜிக் பெபிள்’ 1970இல் பதக்கம் பெற்றது. மந்திரக் கூழாங்கல் கிடைத்த கழுதைக் குட்டி சில்வெஸ்டர், சிங்கத்தைக் கண்ட பதற்றத்தில் தன்னைப் பாறையாக்கிக்கொண்டு திரும்ப வழியின்றித் தவிக்கிறது. எல்லாப் பாத்திரங்களும் விலங்குகளாக உள்ள அந்த நூலில் காவலர்கள் பன்றிகளாக வரையப்பட்டிருந்தார்கள். காவலர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. சில இடங்களில் நூலகங்களிலிருந்து அந்த நூல் அகற்றப்பட்டது. அதில் பன்றிக் காவலர்கள் காணாமல்போன பிள்ளையைத் தேடும் பெற்றோருக்கு உதவ முயல்பவர்கள். கதையில் ஏளனம் எதுவும் இல்லை. பிள்ளையை இழந்த பெற்றோரின் வேதனையும் மீண்டும் சேரும் மகிழ்ச்சியும் கொண்ட அந்த நூல் எதிர்ப்புகளைத் தாண்டி நிலைத்துவிட்டது.

பொன்னும் வெள்ளியும்

பரிசுக் குழுக்களுக்கும் நகைச்சுவையிடம் ஒரு தயக்கம் இருந்துவருகிறது. டாக்டர் சூஸ் என்ற பெயரில் எழுதி வரைந்த தியோடர் கைசல், ஆங்கிலக் குழந்தை இலக்கியத்தில் சிரிப்பின் அடையாளமாகவே ஆனவர். அவருக்கு 1948, 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை கௌரவ நூல் என்ற மதிப்புக் கிடைத்தது. பதக்கம் ஒருமுறையும் கிடைக்கவில்லை. 1984இல் அவருக்குப் புலிட்சர் சிறப்புப் பாராட்டு வழங்கப்பட்டது. மோ வில்லெம்ஸின் நூல்களில் தேர்வான மூன்றும் வெள்ளி முத்திரையோடு நின்றன. அழவைக்கும் நூல் ஆழமானது, சிரிக்கவைக்கும் நூல் இலேசானது என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. ராத்மனும் வீஸ்னரும் கிளாசனும் பெற்ற பதக்கங்கள் அந்த எண்ணத்தைத் தகர்க்கப் போதுமானவை. ஒரு குழந்தையைச் சரியான பக்கத்தில், சரியான கணத்தில் சிரிக்க வைப்பதற்கு வேண்டிய கோட்டுத் துல்லியமும் அமைப்பறிவும் வேறெந்தப் படத்துக்கும் வேண்டியதைவிடக் குறைந்தவை அல்ல.

படித்துக் காட்டும் முறை

இத்தகைய நூல்களைப் படித்துக் காட்டுபவர் சிலவற்றைக் கவனித்தால் அவற்றின் முழுப் பயனும் குழந்தைக்குக் கிடைக்கும். அட்டையிலிருந்தே தொடங்க வேண்டும். ‘ஆபீசர் பக்கிள்’ போன்ற நூல்களில் அட்டையின் உட்பக்கத் தாள்களிலும் வேடிக்கை உண்டு. பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் சற்று நிறுத்த வேண்டும். அடுத்து என்ன என்று குழந்தை ஊகிக்கும் நேரம் அதுதான். படத்தில் உள்ளதைப் பெரியவர் முந்திக்கொண்டு சுட்டிக்காட்டக் கூடாது. பக்கிளின் பின்னால் நாய் நிற்பதைத் தானே கண்டுபிடிக்கும்போதுதான் குழந்தைக்குச் சிரிப்பு வருகிறது. எடுத்துச் சொல்லிவிட்டால் அது போய்விடும். சொல் இல்லாத நூலில் குழந்தையே கதைசொல்லி; ஒவ்வொரு முறையும் கதை மாறினாலும் அப்படியே விட வேண்டும். சிரித்து முடித்ததும் கதையின் நீதி என்ன என்று கேட்பது தேவையற்றது. ஒரே நூலை மறுபடி மறுபடி கேட்டால் சலிப்பின்றிப் படிக்க வேண்டும். முதல் வாசிப்பில் தவறவிட்ட நண்டும் பன்றியும் நான்காம் வாசிப்பில் கண்ணில் படும்.

தமிழுக்கு வேண்டியது

கால்டிகாட் பட்டியலில் இந்தியக் கதையும் இடம்பெற்றிருக்கிறது. மார்சியா பிரவுனின் ‘ஒன்ஸ் எ மவுஸ்’ 1962இல் பதக்கம் பெற்றது. முனிவர் ஓர் எலியைப் பூனையாக, நாயாக, புலியாக மாற்ற, நன்றி மறந்த புலி மீண்டும் எலியாகும் இதோபதேசக் கதையை அவர் மரச்செதுக்கு ஓவியங்களாகப் படைத்தார். நம் நாட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் கதைக்கு, ஓர் ஓவியரின் பார்வையும் அதற்குரிய பரிசும் அங்கே கிடைத்தன.

இந்தியாவில் சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் சிறார் இலக்கியம் படைக்கும் எழுத்தாளர்களுக்கு உரியது. அது பாராட்டத்தக்க பணி. ஆனால், படப் புத்தகத்தில் பாதிக்கு மேல் கதை சொல்பவர் ஓவியர். அவர் பெயர் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சாகி மறைந்துபோவது நியாயமல்ல. தமிழில் வெளியாகும் சிறந்த குழந்தைப் படப் புத்தகத்துக்கு, அதை வரைந்தவருக்கே ஆண்டுதோறும் ஒரு பரிசு வேண்டும். அரசும் நூலகத் துறையும் புத்தகக் காட்சி நடத்துவோரும் பதிப்பாளர்களும் சேர்ந்தால் அது எளிதில் நடக்கக்கூடியது. அந்தத் தேர்வுக் குழுவில் நூலகர்களும் ஆசிரியர்களும் இருக்க வேண்டும். நூல்களைக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்த பிறகே முடிவு எடுக்கப்பட வேண்டும். நீதி சொல்லும் நூலுக்குத் தரும் மதிப்பைச் சிரிக்க வைக்கும் நூலுக்கும் தர அவர்கள் தயங்கக் கூடாது. பெற்றோரும் ஆசிரியர்களும் அடுத்த முறை குழந்தைக்கு நூல் வாங்கும்போது, பாடத்துக்கு உதவும் நூலோடு, பார்த்ததும் சிரிப்பு வரும் படப் புத்தகம் ஒன்றையும் சேர்த்து வாங்கட்டும்.